முழுத் திறப்பு

காலையில் இமயனின் வயிற்றைத் திறந்துவிடுவது என் வேலை. தட்டில் இட்லி வைத்து, சட்னி ஊற்றி, போனில் திறவிச் செயலியை எடுத்துக் கட்டைவிரலை வைப்பேன். அவருடைய விலா எலும்புக்குக் கீழே லேசாக ஒரு துடிப்பு தெரியும். இரைப்பையின் வாயில் பொருத்தியிருக்கும் மடல் கால்பங்கு திறந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு இட்லி உள்ளே போகும். அரை மணி நேரத்தில் மடல் தானாகவே சாத்திக்கொள்ளும். அதற்குப் பிறகு மதியம் வரைக்கும் தண்ணீரும் மோரும்தான் இறங்கும்.

"திற முகை, பஸ் போயிரும்" என்பார் என் கணவர். நான் திறப்பேன். கல்யாணமாகி இரண்டு வருஷமாக இதில் ஒரு நாள்கூட நான் தவறியதில்லை.

என் வயிற்றை அவரால் திறக்க முடியாது. மதுரையில் எல்லாப் புருஷனும் பெண்டாட்டிக்குத் திறக்கிறான், எல்லாப் பெண்டாட்டியும் புருஷனுக்குத் திறக்கிறாள். எங்கள் வீட்டில் மட்டும் அது ஒருவழிப் பாதை. என் திறவுகோல் ரித்திக் மாமாவிடம் இருக்கிறது. அவர் என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. நாளுக்கு மூன்று வேளை கால் திறப்பு என்று எப்போதோ தானியங்கியில் போட்டுவைத்தார். அது தன்பாட்டுக்குத் திறந்து தன்பாட்டுக்குச் சாத்திக்கொண்டிருக்கிறது. எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

எனக்கு மடல் வைக்கும் வயிறுகட்டு நடந்தபோது வயது பத்தொன்பது. எடை நூற்று நான்கு கிலோ. மாடி ஏறினால் மூச்சு வாங்கும், முழங்கால் நறநறக்கும், ரத்தத்தில் சர்க்கரை எல்லை தாண்டிவிட்டது. கட்டிய ஒரே வருஷத்தில் நாற்பது கிலோ போனது, சர்க்கரையும் போனது. கண்ணாடி முன்னால் நின்று அழுதேன், சந்தோஷத்தில்தான். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பிறகு வந்தவற்றை யாரும் விளம்பரத்தில் காட்டவில்லை. தலைமுடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. கைத்தோல் பழைய உறை மாதிரி தொங்கியது. சித்திரை வெயிலிலும் குளிரும். ஒரு விள்ளல் மைசூர்பாகு சாப்பிட்டால் நெஞ்சு படபடத்து, வேர்த்து, கட்டிலில் விழ வேண்டியதுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரும்புச்சத்து ஊசி. பசி என்றால் என்னவென்றே மறந்துபோனது. அதை மட்டும் எல்லோரும் பாராட்டினார்கள்.

அரசாங்கத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. மாநிலத்தில் பாதிப்பேருக்கு நீரிழிவு, மருத்துவமனைகளில் கால் வைக்க இடமில்லை. எடை வரம்பு தாண்டியவர்கள் எல்லோருக்கும் மடல் வைப்பது என்று சட்டம் வந்தது. முதலில் மடல் வைத்தவர்களுக்குத் திறவுகோலை அவரவர் கையிலேயே கொடுத்தார்கள். அவரவரும் ராத்திரி அடுப்படியில் நின்று முழுசாகத் திறந்து, புரோட்டாவை உள்ளே தள்ளிவிட்டுச் சாத்திக்கொண்டார்கள். இரண்டே வருஷத்தில் இறங்கிய எடை எல்லாம் ஏறிவிட்டது. தன் வயிற்றுக்குத் தானே காவல் இருக்க முடியாது என்று உடல்நல வாரியம் முடிவு செய்தது. இனிமேல் திறவுகோல் இன்னொருவர் கையில்தான். அவர் பெயர் திறவாளர்.

வாரியம் கேட்டது வெறும் ஒரு பெயர். எங்கள் ஊர்க்காரர்கள் அதையும் விழாவாக்கினார்கள். காது குத்த மடி கொடுக்கிறவர் யாரோ அவர்தானே வயிற்றுக்கும் பொறுப்பு என்று தாய்மாமனைத் திறவாளராக்கினார்கள். பந்தல் போட்டார்கள், மேளம் வைத்தார்கள். தாய்மாமன் மாலையும் கழுத்துமாக வந்து சீர்வரிசையோடு திறவுகோலை வாங்கிக்கொள்வார். பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும்போது, தாலி ஏறிய கையோடு, மணமேடையிலேயே அதை மாப்பிள்ளை பெயருக்கு மாற்றித் தருவார். அதற்குத் திறவுமாற்று என்று பெயர். இருபது வருஷத்துக்கு முன்னால் யாரும் கேள்விப்படாத சடங்கு இது. இன்று கேட்டால் ஆதிகாலத்துப் பழக்கம் என்று சத்தியம் செய்வார்கள்.

என் கல்யாணத்தில் திறவுமாற்று நடக்கவில்லை. பத்திரிகையில் ரித்திக் மாமாவின் பெயர் இரண்டாவதாக இருந்தது. முதலில் இருந்தது அம்மாவின் பெரியப்பா மகன் பெயர். அவர் வாரியத்தில் பெரிய அதிகாரி, வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று அம்மா போட்டுவிட்டாள். ரித்திக் மாமா மண்டபத்துக்கு வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்தார், தாலி கட்டி முடிந்ததும் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மேடையில் இமயன் கையை நீட்டிக்கொண்டு நின்றார். வீடியோவில் இப்போதும் அது அப்படியே இருக்கிறது. யாரும் அதை வெட்டி எடுக்கவில்லை.

இந்த ஆடியில் நான் கர்ப்பமானேன். ஐந்தாம் மாதம் ஸ்கேன் எடுத்தார்கள்.

"கால் திறப்புல ஒரு ஆள்தான் வாழ முடியும்மா. நீங்க இப்ப ரெண்டு பேரு" என்றார் டாக்டர் செரின். ஸ்கேனைத் திருப்பிக் காட்டினார். "அஞ்சு மாசத்துக்கு இது ரொம்பச் சின்னது. இந்த மாசத்துக்குள்ள முழுத் திறப்பு வேணும். சீட்டு எழுதித் தரேன், உங்க திறவாளர் விரல் வச்சாப் போதும்."

"நீங்களே திறக்க முடியாதா டாக்டர்?"

"டிரிப்ஸ் போடலாம். அதுல நீங்க மயங்காம இருப்பீங்க, பிள்ளை வளராது. திறக்குற உரிமை எங்களுக்கு இல்ல."

வாரியத்தில் மனு போட்டால் ஒரு வருஷம் ஆகும். அதற்குள் பிள்ளை பிறந்து தவழ ஆரம்பித்துவிடும், பிறந்தால். பத்திரிகையில் முதலில் பெயர் போட்ட அந்தப் பெரிய மாமாவை அழைத்தேன். பார்க்கலாம்மா என்றார். மறுநாளிலிருந்து போனை எடுக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவள் இருப்பது திருமங்கலத்தில். என் எதிரிலேயே தம்பிக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தாள். இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு. நலமா என்று இரு பக்கமும் கேட்கவில்லை.

"புள்ள உண்டாயிருக்கா. முழுசாத் திறந்துவிடு" என்றாள் அம்மா.

"தட்டெடுத்து வாக்கா. தாம்பூலம் வச்சு, செஞ்சது தப்புன்னு நாலு பேரு முன்னாடி சொல்லிக் கூப்பிடு. வந்து திறக்குறேன்."

"உன்னய இடுப்புல தூக்கிச் சோறு ஊட்டுனவடா நானு. நான் உனக்குத் தட்டு எடுக்கணுமா?"

"சோறு ஊட்டுனவதான் ரெண்டாவது பேராப் போட்ட."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு மெதுவாக, ஏதோ ஞாபகம் வந்தது போல் சொன்னாள். "உனக்குத் திறவாளர் யாருன்னு மறந்துட்டியோ?"

மாமா கல்யாணம் கட்டாதவர். அவருடைய திறவுகோல் என் தாத்தா காலத்துக்குப் பிறகு அக்காவிடம் வந்தது, அங்கேயே இருக்கிறது. அம்மா என் முன்னாலேயே திறவியை எடுத்தாள். கால் திறப்பில் இருந்த தம்பியைத் துளித் திறப்புக்கு இறக்கினாள். துளித் திறப்பில் கஞ்சித்தண்ணி போகும், ரசம் போகும். ஒரு பருக்கை போகாது. காய்ச்சல் வந்தவர்களுக்கு இரண்டு நாளைக்கு வைப்பார்கள்.

"எப்ப உனக்குத் திறக்குறானோ அப்பத்தான் அவனுக்கு" என்றாள் அம்மா. முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. இரண்டு வருஷத்தில் அவளை அவ்வளவு நிம்மதியாக நான் பார்த்ததில்லை. எனக்கும், உள்ளதைச் சொன்னால், அந்த நேரத்தில் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. படட்டும் என்று நினைத்தேன்.

மாமா பேருந்துப் பணிமனையில் மின்கலம் மாற்றுகிறவர். பாரம் தூக்குகிற வேலை. ஒரு வாரத்தில் இறங்கி வந்துவிடுவார் என்று அம்மா கணக்குப் போட்டாள். ஒரு வாரம் போனது. அடுத்த வாரமும் போனது. வேலைக்கு லீவு போட்டுவிட்டார், சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்று அவர் இருக்கும் சோழவந்தானிலிருந்து யாரோ சொன்னார்கள். அம்மா அதைக் கேட்டுவிட்டு எனக்கு உற்சாகமாகச் சொன்னாள். மூன்றாவது வாரம் மறுபடி ஸ்கேன் எடுத்தோம். பிள்ளை கொஞ்சம்கூட வளரவில்லை. டாக்டர் செரின் என்னைத் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அடுத்த தடவை குடும்பத்தில் யாரையாவது கூட அழைத்து வாருங்கள் என்றார்.

அன்று இமயனிடம் கேட்டேன். "நீங்க வாங்க. ரெண்டு பேருமாத் தட்டு எடுத்துட்டுப் போவோம். மாமா மனசு இரங்கிரும்."

"யாரு, நானா?" அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். "மேடையில கை நீட்டிட்டு நின்னது போதாதா? எனக்குச் சேர வேண்டியத வச்சுக்கிட்டு இருக்கிறது அவரு. நான் போயிக் கேக்கணுமா? உங்க வீட்டுப் பஞ்சாயத்து, நீங்களே முடிங்க."

"உங்க பிள்ளைங்க இது."

"அதத்தான் சொல்றேன். என் பிள்ள. அதுக்குத் திறக்க இன்னொருத்தன் வீட்டு வாசல்ல நான் நிக்கணும்னா நல்லாவா இருக்கு?"

அந்த மனிதனுக்கு நான் தினமும் மூன்று வேளை வயிறு திறந்துகொண்டிருந்தேன். ஆளாளுக்கு ஒரு கௌரவம் வைத்திருந்தார்கள், அதைக் காப்பாற்றச் செலவானது என் பிள்ளையின் சதை. அன்றைக்கு வந்த கோபத்தில் அடுப்படிக்குப் போனேன். தாம்பாளத்தை எடுத்தேன். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், புது வேட்டி வைத்தேன். பையில் போட்டுக்கொண்டு தனியாகச் சோழவந்தான் பஸ் ஏறினேன்.

மாமா கதவைத் திறந்தபோது முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். கன்னம் ஒட்டி, கழுத்து நரம்பு கயிறாகத் தெரிந்தது. உதடு வெடித்திருந்தது. கைலி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டுக் கட்டியிருந்தார். மேசைமேல் ஒரு சொம்பில் வடிகஞ்சி இருந்தது. வீட்டில் சமைத்த வாசனையே இல்லை.

"வாத்தா" என்றார். குரல் மட்டும் மாறவில்லை. என் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்தார். "அக்கா?"

"வரலை மாமா."

"மாப்பிள்ள?"

"வரலை."

நான் தாம்பாளத்தை எடுத்து இரு கையாலும் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நாற்காலியைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார்.

"பெத்தவ எடுத்தா அது தட்டு. கட்டுனவன் எடுத்தா அது தட்டு. உனக்கு நீயே எடுத்துட்டு வந்தா அது பிச்சை ஆத்தா. என் மருமக பிச்சை எடுக்க நான் விடமாட்டேன். திரும்பிக் கொண்டு போ."

"உங்க மானத்துக்கு என் பிள்ளை வயிறுதான் கிடைச்சுதா மாமா?"

"உங்க அம்மாகிட்டக் கேளு. என்னய மூணு வாரமாக் கஞ்சி குடிக்க வச்சிருக்கா. எதுக்கு? ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, தப்புதான் தம்பின்னு சொல்ல மாட்டாம. உன்னய மடியில வச்சுக் காது குத்துனவன் நான். நீ கதறுன கதறல்ல என் சட்டையெல்லாம் நனைஞ்சுச்சு. அந்தப் பெரிய ஆபீசரா வந்து உட்காந்தான்? அவன் பேரு முதல்ல."

"அந்த ஆள் இப்ப என் போனைக்கூட எடுக்கலை."

"எடுக்க மாட்டான்" என்றார் மாமா. அதில் அவருக்கு ஒரு திருப்தி தெரிந்தது.

ஸ்கேன் படத்தை எடுத்து நீட்டினேன். அவர் பார்க்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. என்னென்னவோ சொன்னேன். நீங்கள் எல்லாம் ஒரு தாய்மாமனா என்றேன். பிள்ளை செத்தால் கருமாதிப் பத்திரிகையில் உங்கள் பெயரை முதலில் போடச் சொல்கிறேன் என்றேன். அதைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்தது. என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அதற்குள் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. காலையில் தின்ற ஒன்றரை இட்லியும் ஒன்றேகால் மணிநேர பஸ் பயணமும், கத்தின கத்தலும். வேர்த்துக் கொட்டியது, கை வெடவெடத்தது. தாம்பாளம் கீழே விழுந்து வெற்றிலையும் பழமும் உருண்டது தெரிந்தது. பிறகு தரையின் குளிர்ச்சி கன்னத்தில் தெரிந்தது.

"ஆத்தா. ஏ ஆத்தா." என் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்திருந்தார். அந்தக் கைக்கு என் தலையின் பாரமே தாங்கவில்லை, ஆடியது. ஒரு கையால் கஞ்சியில் சர்க்கரை போட்டு என் வாயில் ஊற்றினார். இன்னொரு கையால் போனைத் துழாவினார். கட்டைவிரல் ஈரமாக இருந்ததால் முதல் தடவை திறவி ஏற்கவில்லை. கைலியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

விலாவுக்குக் கீழே எனக்கு அந்தத் துடிப்பு வந்தது. எப்போதும் வருகிற சின்ன அசைவு இல்லை. உள்ளே ஒரு பெரிய கதவு திறந்து சுவரில் போய் மோதியது போல் இருந்தது. அதன் பின்னால் வந்தது பசி. எட்டு வருஷமாக நான் மறந்திருந்த பசி. அடிவயிற்றிலிருந்து தொண்டை வரைக்கும் பிறாண்டிக்கொண்டு ஏறியது. அழுகை வந்துவிட்டது.

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டே தெருமுனைக் கடைக்குப் போய் வந்தார். பொட்டலத்தைப் பிரித்து, தாம்பாளத்தில் ஒட்டி மிச்சமிருந்த ஒரு வெற்றிலையைக் கண்ணில் ஒற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்தத் தட்டிலேயே சோறு கொட்டினார். கோழிக் குழம்பு. வாசனை அறை முழுக்க நிறைந்தது. அவர் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியதைப் பார்த்தேன்.

"சாப்பிடு" என்றார். "முழுசாத் திறந்திருக்கு. பயப்படாமச் சாப்பிடு."

பாதி தின்ற பிறகுதான் அம்மாவின் ஞாபகமே வந்தது. எச்சில் கையோடு இடது கையால் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தேன்.

"திறந்துட்டாரும்மா. முழுசா."

"அப்படி வா வழிக்கு" என்றாள் அம்மா. குரலில் பண்டிகை. "நான் சொன்னேன்ல, ரொம்ப நாளு தாங்க மாட்டான்னு."

"மாமாவுக்குத் திறந்து விடுங்கம்மா. நிக்கக்கூட முடியலை அவரால."

"திறக்குறேன் திறக்குறேன். முதல்ல திறவுகோலை என் பேருக்கு மாத்தச் சொல்லு. நாளைக்கு வேறொரு கோவம் வந்தா மறுபடி சாத்துவான்."

மாமா போனைப் பார்த்துச் சொன்னார். "மாப்பிள்ள பேருக்குத்தான் முறை. மாப்பிள்ள முறையா வந்து வாங்கட்டும். உனக்கு எதுக்கு?"

"எதுக்கா? போராடி வாங்குனது நானு."

"நீ வாங்கலக்கா. நானாத்தான் திறந்தேன். நீ என்னய என்ன பண்ணாலும் திறந்திருக்க மாட்டேன்."

"அப்ப கஞ்சியவே குடி" என்றாள் அம்மா. இணைப்பு அறுந்தது.

மாமாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிக்கிறார் என்று அப்புறம்தான் புரிந்தது. "எங்கக்கா அப்படித்தான்" என்றார், ஏதோ பெருமையான விஷயம் போல. சொம்பை எடுத்துக் கஞ்சியில் ஒரு மடக்குக் குடித்தார். பல்லில் ஒரு பருக்கை அகப்பட்டதும் அதை விரலால் எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தார். விழுங்கினால் வாந்திதான்.

மறுபடி அம்மாவுக்குப் போன் போட்டிருக்கலாம். கெஞ்சியிருக்கலாம், கத்தியிருக்கலாம், பிள்ளைமேல் சத்தியம் கேட்டிருக்கலாம். அம்மாவை எப்படி அழ வைப்பது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் பேசினால் அம்மா பேசுவாள். அம்மா பேசினால் மாமா பேசுவார். மாமாவின் போன் அவர் மடியில்தான் இருந்தது, திறவி இன்னும் மூடவில்லை, கட்டைவிரல் அதன் ஓரத்தில் இருந்தது. என் வயிறு இன்னும் பாதிகூட நிறையவில்லை. பிள்ளை உள்ளே அசைந்தது, முதல் தடவையாக.

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க மாமா" என்றேன்.

நடுங்குகிற கையால் அவர் போட்டார். போதும் என்று நான் சொல்லவில்லை.